கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் கண்ணாடி போட வைப்பதும்

திருவொற்றியூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது, எண்ணூர்க் குப்பத்திலிருந்து வந்த ஒரு சிறுமியின் கணக்கு நோட்டில் நாள்தோறும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள்தான், பலகையில் நான் எழுதிய 386 அவள் நோட்டில் 336 என்று இருந்ததையும், அந்த 336-ஐ வைத்து அவள் கூட்டிய விடை சரியாகவே இருந்ததையும் கவனித்தேன். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வந்தது, பலகைதான் தெரியவில்லை. அதற்குள் ‘மந்தமான பிள்ளை’ என்று அவள் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

எனவே, முதலில் நோட்டுகளைப் பாருங்கள். பலகையைப் பார்த்து எழுதியதில் 8 என்பது 3 ஆகவும் ‘ழ’ என்பது ‘ம’ ஆகவும் மாறியிருந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதியது சரியாக இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பது, கண்ணை இடுக்குவது, தலையைச் சாய்ப்பது ஆகியவையும் அடையாளங்களே. பிள்ளை தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரிகிறது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது சோதனை. வெள்ளை அட்டையில் 13 மில்லிமீட்டர் உயரமும் அகலமும் கொண்ட, கோட்டின் தடிப்பு அதில் ஐந்தில் ஒரு பங்காக அமைந்த ‘E’ என்னும் ஆங்கில எழுத்தைக் கறுப்பு மையில் நான்கு திசைகளிலும் திருப்பி வரையுங்கள். இது கண் மருத்துவத்தில் 6/9 என்று சொல்லப்படும் அளவு; அதாவது, நல்ல பார்வை உள்ளவர் ஒன்பது மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை ஆறு மீட்டரிலிருந்து படிப்பது. வகுப்பறையில் இடம் போதாது என்பதால், வெளிச்சமுள்ள வராந்தாவில் கயிறு பிடித்து ஆறு மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். இரு கண்களையும் தனித்தனியாகப் பார்ப்பது கட்டாயம். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றதன் குறை வெளியே தெரியாது. அந்தக் கண்ணைச் சிறுவயதிலேயே கவனிக்காவிட்டால், பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் காதோடு விடை சொல்லிவிடுவார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். எந்தக் கண்ணில் தடுமாறினாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் தொலைவில்லை. துறைமுகத்திலோ காசிமேட்டு மீன் ஏலத்திலோ வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி பெரிய விஷயம். ஆகவே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, நான்கைந்து பிள்ளைகளை ஒரே நாளில் ஓர் அம்மாவின் துணையோடு அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் மருந்துக்கு ஏற்பச் சில மணி நேரமோ சில நாட்களோ எழுத்து மங்கும், வெயில் கூசும். பரீட்சைக்கு முந்தைய நாள் வேண்டாம்.

கண்ணாடி கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். சீனத்தின் கான்சு மாநிலக் கிராமப் பள்ளிகளில் 2004-இல் இலவசமாகக் கொடுத்தபோதே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கல்வியாண்டு அணிந்தவர்கள் பெற்ற முன்னேற்றம், ஓராண்டுப் படிப்பில் 0.3 முதல் 0.5 பங்குக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கான்சு, ஷான்சி மாநிலங்களில் சுமார் 250 தொடக்கப் பள்ளிகளில் 2012-13இல் நடந்த மற்றொரு ஆய்வில், இலவசக் கண்ணாடி பெற்றவர்களில் ஆண்டிறுதியில் 41 சதவீதத்தினரே அணிந்திருந்தனர். அப்படியிருந்தும் அந்தப் பிரிவின் கணக்கு மதிப்பெண் கூடியிருந்தது.

அந்தக் கிராமங்களில், கண்ணாடி போட்டால் பிள்ளையின் கண் கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது. நம் தெருக்களிலும் அதே பயம்தான். “இப்பவே போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும் டீச்சர், பொன்னாங்கண்ணி குடுத்துப் பாக்குறேன்” என்கிற அம்மாவிடம் கோபப்படாதீர்கள். கீரை நல்லதுதான், ஆனால் கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி சற்று நீண்டுவிடுவதால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது, அதைக் கீரையால் மாற்ற முடியாது, வளரும் வயதில் பவர் கூடுவதும் கண்ணாடியால் அல்ல என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமே என்ற கவலையை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களாகவே கேட்டுப் பேசிவிடுவது நல்லது.

வகுப்பில் யாராவது ‘சோடாபுட்டி’ என்று கூப்பிட்டால் அன்றே நிறுத்துங்கள், ஏனென்றால் அந்த ஒரு சொல்லுக்காகவே கண்ணாடி பைக்குள் போய்விடும். முதல் இரண்டு வாரம் வருகைப் பதிவு எடுக்கும்போதே கண்ணாடியையும் பாருங்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்; அது கண்ணாடிக்கு மாற்று அல்ல, குறையை மறைத்துவிடும். கடற்காற்றில் திருகாணி துருப்பிடித்துக் காது பக்கக் கம்பி தளரும் என்பதால், மாதம் ஒரு முறை கண்ணாடிக் கடையில் இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே நோட்டை மறுபடி வாங்கிப் பாருங்கள். கண்ணாடி போட்டும் 8 என்பது 3 ஆகவே இருந்தால், பவர் சரியில்லாமல் இருக்கலாம் என்பதால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும், ஏற்கெனவே கண்ணாடி அணிபவர்களையும் சேர்த்து, அதே ஆறு மீட்டர் கோட்டில் நிறுத்துங்கள்.