விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

திருகோணமலையின் கடலோர ஊரான உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் பவர் பட்டனை அமத்தினால் விசிறி சுழலும், முன்விளக்கு எரியும். மொனிட்டரில் மட்டும் ஒன்றும் வராது.

கேபிளை மாற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணாவின் மொனிட்டரையும் போட்டுப் பார்த்தேன். கணினிக்குள் மதர்போர்ட் எனும் முதன்மைப் பலகையில் இருக்கும் சிஆர் 2032 என்ற நாணய வடிவப் பற்றரியும் புதிது. பலனில்லை. டவுனில் ஒரு கடையில் மதர்போர்ட் போய்விட்டது என்றார்கள்.

கீபோர்டில் நம்லொக்கை அமத்தினாலும் அதன் விளக்கு மாறவில்லை. அப்படியென்றால் கணினி தொடக்கச் சோதனையையே தாண்டவில்லை. பீப் சத்தமும் இல்லை. ஆனால் அதை வைத்து போர்ட் செத்துவிட்டது என்று முடிவெடுக்க முடியாது. பல கேஸ்களில் அந்தச் சத்தத்தைத் தரும் சின்ன ஸ்பீக்கரே இருப்பதில்லை. ஒன்று வாங்கிப் பொருத்தி, ரேமை, அதாவது தற்காலிக நினைவகப் பட்டையை, முழுதாகக் கழற்றிவிட்டு ஓன் பண்ணினேன். ரேம் இல்லை என்று பீப் அடித்தது! போர்டும் புரொசசரும் உயிரோடுதான் இருந்தன.

சரி, ரேமை வெளிச்சத்தில் பிடித்தால் பொன்னிற முனைகள் மங்கி, ஓரத்தில் பச்சை. வாடைக்காற்றுக் காலத்துக் கடல் ஈரமும் உப்பும் செய்த வேலை. வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தேன். ஸ்லொட்டைக் காய்ந்த பிரஷால் தட்டி, கிளிப் 'கிளிக்' என்று விழும்வரை ரேமை அழுத்தினேன். படம் வந்துவிட்டது. அப்பாடா!

கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அமத்திப் பிடியுங்கள். துடைத்தபின் அந்த முனைகளில் விரல் படக் கூடாது.