புழுவிலிருந்து கொழுப்பும் புரதமும்: பிழிவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

“அண்ணே, மாவு கருத்துப் போச்சு. எண்ணெயும் காறல் வாடை அடிக்குது.”

மேலூர் பக்கம் கோழி, மீன் தீவனத்துக்காகக் கருப்பு சிப்பாய் ஈ என்ற ஈயின் புழுவை வளர்க்கும் தம்பி ஒருவர் சித்திரை வெயிலில் போன் செய்தார். அவருக்குச் சந்தேகம் பிழியும் மெஷின் மேல். விசாரித்தால், அறுவடை செய்த புழுவைச் சாக்கில் கட்டி ஒரு பகல் முழுக்கக் கொட்டகையில் வைத்திருக்கிறார். கெட்டது அங்கேதான்.

சாக்குக்குள் புழு சூடேறி, மூச்சு முட்டிச் சாகும். அதன் நொதிகள் மட்டும் வேலையை நிறுத்தாது. நறுக்கிய கத்தரிக்காயைக் காற்றில் வைத்தால் கருக்கிறதே, அதே வகை நொதி புழுவையும் கருக்க வைக்கும். இன்னொரு நொதி கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். புளிப்பும் காறலும் அதனால்தான். பிறகு எவ்வளவு நல்ல மெஷினில் பிழிந்தாலும் அது திரும்பாது. ஃப்ரீசரில் போட்டுக் கொல்வதும் தீர்வில்லை. குளிரில் நொதி அழியாது, உறைவு விட்டதும் மறுபடி கிளம்பிவிடும். முதல் வருடம் நானே அப்படி 40 கிலோவைப் பாழாக்கினேன். இப்போது ஒரு நாள் தீனி நிறுத்தி, குடல் காலியானதும் கழுவி, தளதளவென்று கொதிக்கும் நீரில் 2 நிமிடம் முக்கி எடுக்கிறேன். 1 கிலோ புழுவுக்கு 10 லிட்டர் தண்ணீர் வைக்கிறேன். குறைத்தால் கொதி அடங்கி, புழு வெதுவெதுப்பில் ஊறும். எடுத்ததைக் குவித்து வைக்காமல் உடனே பரப்பிக் காய வையுங்கள். கொதிநீருக்கும் சாகாத சில பாக்டீரியா வித்துகள் ஈரக் குவியலில் முளைத்துவிடும்.

கறுத்து கூட்டுப்புழுவாகும் வரை காத்திருப்பதும் வேண்டாம். தோலைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருள் கூடும். வெளிர் நிறத்திலேயே எடுங்கள்.

பிழியும்போது ஈரம் அதிகமிருந்தால் கொழுப்பு பிரியாது, களியாக வழியும். சூடு ஆறிவிட்டாலும் சிக்கல்தான். இந்தக் கொழுப்பில் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் நிறைய. மார்கழிக் காலையில் இறுகிவிடும். 50–60 டிகிரி வெதுவெதுப்பில் பிழிவது எனக்குச் சரிவருகிறது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஊருக்குக் கடலை எண்ணெய் ஆட்டும் செக்கில் இதைப் போடாதீர்கள். இறால் ஒவ்வாதவர்களுக்குப் புழுப் புரதமும் ஒவ்வாமல் போகலாம். அந்தச் செக்கு எண்ணெய் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறதென்று நமக்குத் தெரியாது.

கோழி, மீன் தீவனத்துக்கு, பிழிந்த பிண்ணாக்கை அரைத்தாலே போதும். தனிப் புரதம் வேண்டுமென்றால்தான் காரக் கரைசலில் கரைத்து, அமிலம் விட்டு 4.5 பிஎச் பக்கம் படிய வைக்கும் வேலை. கொழுப்பை எடுக்காமல் இதில் இறங்கினால் மோர் மாதிரிக் கலங்கி நிற்கும். நிறையக் கிடைக்கட்டும் என்று காரத்தைக் கூட்டிச் சூடும் ஏற்றினால் லைசின் என்ற முக்கியமான அமினோ அமிலம் கெடும்.

கடைசியாக, ஆய்வறிக்கையில் வரும் புரத எண். லேபில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கம். கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், கணக்கு ஏறிக் காட்டும். முழுப் புழுவுக்கு 4.76 பொருத்தமென்று 2017-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 8% நைட்ரஜன் என்றால் பழைய கணக்கில் 50% புரதம். இந்தக் கணக்கில் 38%. தீவனம் வாங்குகிறவரிடம் 50 என்று சொல்லி விற்றால், அவருடைய குஞ்சுகள் எடை கூடாமல் நிற்கும். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: மூட்டையின் மேல் எண்ணை எழுதும்போது, எதனால் பெருக்கியது என்பதையும் சேர்த்து எழுது.