சிறிய காரின் காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றும் முறை

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற சிறிய கார்களில் முன்புறம் மெக்பர்சன் ஸ்ட்ரட்டும் பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீமும் பொருத்தப்பட்டுள்ளன. முன்புறத்தில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் அமர்ந்திருப்பதால் இரண்டும் ஒரே கூட்டாகக் கழன்று வரும். பின்புறத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்புற வேலையில் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைக் கையாள வேண்டியிருப்பதால், இதில் அனுபவம் இல்லாதவர் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குவதே முறை.

ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தாலும், டயரின் மேல்பரப்பு அலையலையாகத் தேய்ந்திருந்தாலும், மேடு பள்ளத்தைக் கடந்த பிறகும் கார் ஆடிக்கொண்டே இருந்தாலும் ஷாக் வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில், துரு ஏறிய இடத்தில்தான் முறியும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பார்த்தால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பழுது ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலும், அதே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பிரிங்கில் தீட்டப்பட்டிருக்கும் வண்ணக் கோடுகள் அதன் வலிமையைக் குறிப்பவை; பெட்ரோல், டீசல் வகைகளுக்கு அவை வேறுபடலாம் என்பதால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே பாகங்களை வாங்குங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நுனியைக் காரின் உடலோடு இணைக்கும் டாப் மவுண்ட், அதன் பேரிங், ஷாக் முழுதாக அழுந்தும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஆகியவற்றையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் பின்னர் அவற்றை மாற்ற மீண்டும் இதே வேலையை முழுவதும் செய்ய வேண்டியிருக்கும்.

முதல் நாள் இரவே எல்லா போல்ட்களிலும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் கை வைக்கக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டோடு பிணைந்திருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றை விடுவியுங்கள். சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களின் நிலையைப் பெயிண்டால் குறித்துவிட்டு, போல்ட் தலையைத் திருப்பாமல் நட்டை மட்டும் கழற்றுங்கள். சில போல்ட்களில் பல்வரி இருப்பதால் தலையைத் திருப்பினால் துளை கெட்டுவிடும். நக்கிள் வெளியே சாயாதபடி கம்பியால் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் ஹோஸ் முறுக்கேறும், ட்ரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் பிரிந்துவிடக் கூடும். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் மேல் நுனியில் சில மாடல்களில் மூன்று நட்கள் சுற்றிலும் இருக்கும், சிலவற்றில் நடுவில் ஒன்றே இருக்கும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட் எது, காரின் உடலோடு ஸ்ட்ரட்டைப் பிணைக்கும் நட் எது என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டை, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரை மாட்டுவதற்கு முன் அரைச்சுற்று கூடத் தளர்த்தக் கூடாது. காரின் எடையில் கால்பங்கு அளவைத் தாங்கும் ஸ்பிரிங் அது. விடுபட்டால் முகத்துக்கு நேராகவே வரும்.

கழற்றிய ஸ்ட்ரட்டை வைஸில் பிடித்து, இரண்டு ஸ்பிரிங் கம்ப்ரஸர்களை எதிரெதிராக, முடிந்தவரை அதிகச் சுற்றுகளைக் கவ்வும்படி மாட்டுங்கள். கம்ப்ரஸரின் மரைகளில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாறி மாறிக் கை ஸ்பேனரால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங்கின் நுனிகள் நோக்கும் திசையில் நிற்காதீர்கள். மேல் இருக்கையிலிருந்து ஸ்பிரிங் விலகிக் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்தால் போதும், அதற்கு மேல் இறுக்குவது தேவையற்ற ஆபத்து. இப்போது ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றலாம். கழற்றும் பாகங்களைக் கழன்ற வரிசையிலேயே பழைய செய்தித்தாளின் மேல் அடுக்கி வைப்பேன். பேரிங்கை இரு விரல்களுக்கிடையில் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைவது போல் நறநறவென்றால், ஸ்டியரிங் திருப்பும்போது கேட்ட சத்தம் அதிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை மூன்று நான்கு முறை முழுதாக அழுத்தி இழுங்கள். படுக்கை நிலையில் வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று இதனால் விலகும். அந்தப் பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் ஒருபோதும் பிடிக்காதீர்கள். மயிரிழைக் கீறல் கூட சீலை அறுத்து எண்ணெயை ஒழுகவிடும். தண்டின் தலையில் உள்ள ஆலன் கீ துளையைப் பயன்படுத்துங்கள். ஸ்பிரிங்கின் அடி நுனி கீழ்த் தட்டின் படியில் சரியாகப் பொருந்திய பின், புதிய லாக் நட்டை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கிவிட்டுத்தான் கம்ப்ரஸர்களை மாறி மாறித் தளர்த்த வேண்டும்.

பின்புற வேலைக்கு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். இல்லையேல் பீம் இறங்கும்போது பிரேக் கேபிள் இழுபடும். பீமின் அடியில் ஜாக்கியைக் கொடுத்து, இரு பக்க ஷாக்குகளின் கீழ் போல்ட்களையும் கழற்றி, பிரேக் ஹோஸைப் பார்த்தபடியே மெதுவாக இறக்கினால் பெரும்பாலும் கம்ப்ரஸர் இல்லாமலே ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். ரப்பர் இருக்கைகளையும் மாற்றிப் புதியதைப் பொருத்திய பின், கீழ் போல்ட்டை இப்போதைக்கு லேசாக மட்டும் இறுக்குங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கினால், கார் இறங்கியதும் அந்த போல்ட் நுழையும் ரப்பர் உறையான புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து விரைவில் கிழிந்துவிடும். ஒரு பட்டறையில் இப்படி இறுக்கப்பட்ட என் காரின் புஷ் ஆறு மாதத்தில் பிளந்தது. கார் சக்கரங்களின் மேல் நிற்கும் உயரத்துக்கு ஜாக்கியால் பீமைத் தூக்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுங்கள்.

சக்கர நட்களைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, குறைந்த வேகத்தில் ஓட்டிச் சத்தம் கேட்டுப் பாருங்கள். சுமார் 50 கிலோமீட்டருக்குப் பின் அந்த நட்களை மீண்டும் சோதித்து, வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். காரின் உயரம் மாறியிருக்கும் என்பதால் ஹெட்லைட்டின் ஒளிக்கோணத்தையும் அதே நாளில் சரிபார்த்துவிட வேண்டும்.