டாலியில் ஐஜிஎஸ்டி விழவில்லையா? முதலில் பார்ட்டி லெட்ஜரைப் பாருங்கள்

டாலி கணக்கு மென்பொருளில், கேரளாவின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்கு பில் போடும்போது ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) தொகை வராமல் சும்மா நின்றால், வரி செட்டிங்கைக் கிளறாதீர்கள். பில்லில் பார்ட்டி (வாங்குபவர்) பெயர் மேல் நின்று கன்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டினால் அவருடைய விவரம் இருக்கும் லெட்ஜர் திறக்கும். மாநிலமும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் ஒத்துப்போகிறதா பாருங்கள்: தமிழ்நாடு 33, கேரளா 32. திருத்திவிட்டு, அதே பார்ட்டியை மறுபடி தேர்ந்தெடுங்கள்.

விற்பவர் மாநிலமும் சப்ளை சேரும் மாநிலமும் வேறா என்பதை வைத்துத்தான் டாலி வரியைப் பிரிக்கிறது. புது லெட்ஜர் போடும் அவசரத்தில் மாநிலம் கேரளா என்றே நின்றுவிட்டால், பொள்ளாச்சிக் கடையும் அதற்கு உள்ளூர்தான். எல்லைப் பக்கம் நான் பார்க்கும் கோளாறில் பெரும்பாலானது இதுதான்.

உள்ளூர் பார்ட்டி உட்பட எல்லா பில்லிலும் தப்பு வந்தால் இது உதவாது. கம்பெனியின் சொந்த மாநிலத்தைப் பாருங்கள். வரி சதவீதம் தப்பென்றால் ஸ்டாக் ஐட்டத்தில் (சரக்கின் பதிவில்) தேடுங்கள். அப்புறம், லெட்ஜரைத் திருத்தினால் பழைய பில் தானாக மாறாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) போய்விட்ட மாதமென்றால் ஆடிட்டரைக் கேட்காமல் கை வைக்கவே வேண்டாம்.