இரண்டாவது கிட்டார் வாங்கும் முன்

பிரிட்டிஷ், ஐரிஷ் நாட்டுப்புறப் பாடல்களை வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு அக்கூஸ்டிக் கிட்டார் ஆசை சீக்கிரமே வந்துவிடும். கடைக்குப் போகும் முன், கையில் இருப்பதற்குப் புதுக் கம்பி மாட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் மாற்றாத கம்பியில் நல்ல கிட்டாரும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கம்பி உயரமாக நின்று விரல் வலித்தால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். பல நேரம் ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறமும் தேவை என்று தோன்றினால், அதற்கு நியாயமான காரணம் சுருதி மாற்றம்தான் என்பேன். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி (தடித்த கம்பி முதல் மெல்லியது வரை ஆறு கம்பிகளின் சுரங்கள்) சுருதிக்கு, ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை இரண்டு ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அளவு தளர்த்த வேண்டும். தளர்த்திய கம்பி உடனே நிலைக்காது, பாட்டின் நடுவே நழுவும். மேடை ஏறுகிறவர்கள் அதற்கென்றே ஒரு கிட்டார் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் மட்டும் வாசித்தால், சுருதி சரிபார்க்கும் டியூனர் போதும்.

சரி, வாங்குவதென்றால் இருப்பதைப் போலவே இன்னொன்று வேண்டாம். உங்களிடம் பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் வகை கிட்டார் இருந்தால், இடை ஒடுங்கிய ஓஎம் (OM) வகையைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அகலம் 43 மி.மீ.க்குப் பதில் 44.5 மி.மீ. இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் விரல் பக்கத்துக் கம்பியில் இடிப்பது குறையும். பழைய கிட்டாரையும் கடைக்கு எடுத்துப் போய், ஒரே பாட்டை இரண்டிலும் வாசியுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.