டொராண்டோவிலிருந்து வான்கூவர்: பனிக்காலத்தில் காரில் போவதென்றால்

சுமார் 4,400 கி.மீ. கோடையில் ஐந்து நாள் போதும். ஜனவரியில் ஏழு நாளாவது வையுங்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். மூஸ் மான்கள் அந்தி நேரத்தில்தான் அதிகம் சாலைக்கு வரும்.

சிக்கலானது சுப்பீரியர் ஏரிக்கரை. சூ செயின்ட் மேரியிலிருந்து வாவா வரை சுமார் 225 கி.மீ.; பனிப்புயலில் நெடுஞ்சாலை 17-ஐ மூடிவிடுவார்கள், பக்கத்தில் மாற்றுவழி கிடையாது. காலையில் ஒன்டாரியோ 511 (மாகாண அரசின் சாலை நிலவரத் தகவல் சேவை) பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது.

நான்கு சக்கரத்துக்கும் குளிர்கால டயர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அது சட்டமும்கூட. குளிர் 10 டிகிரி கூடினால் டயர் காற்று சுமார் 2 பிஎஸ்ஐ இறங்கும். ஓட்டுமுன் அளந்து நிரப்புங்கள். வாஷர் திரவம் -40 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

பனியில் சிக்கினால் காரை விட்டு நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட்டே என்ஜினை ஓடவிடுங்கள், மணிக்குப் பத்து நிமிடம். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.