வால்வ் கவரில் ஒரு கார்: சக்கரம் பூட்டுவது முதல் சரிவில் விடுவது வரை

என்ஜின் தலைமேல் உட்கார்ந்து எண்ணெய் வெளியே தெறிக்காமல் காக்கும் மூடிதான் வால்வ் கவர். அதற்கு நான்கு சக்கரம் பூட்டிப் பலகைச் சரிவில் இரண்டிரண்டாக விட்டு, எது முந்துகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு. மோட்டார் கிடையாது, தள்ளவும் கூடாது. அமெரிக்காவில் பழைய கார் கிளப்காரர்கள் கூடும் இடங்களில் இது சகஜம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் கவர்கள் சும்மா கிடக்கின்றன. தாமான் (குடியிருப்பு) பையன்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கவர் வாங்க, பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் இரும்புத் தகடு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. வார்ப்பே நல்லது, விளிம்பு நெளியாது. சில என்ஜின்களுக்கு மெக்னீசியம் கலவையில் கவர் வரும்; அதைக் கிரைண்டரில் உரசாதீர்கள், தூள் தீப்பிடிக்கும். புதிய கார்கள் பலவற்றில் பிளாஸ்டிக் கவர்தான், அதை விட்டுவிடுங்கள். பையன்களுக்குக் கஞ்சில் என்ற சின்ன மலேசியக் காரின் கவர்மேல் ஆசை, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது மூன்று சிலிண்டர், கவர் குட்டை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்தால் வண்டி சின்னத் தட்டலுக்கே திரும்பிக்கொள்ளும். நான்கு சிலிண்டர் புரோட்டான் சாகா காரின் கவர்தான் என் தேர்வு. வாங்கியதும் டிகிரீசர் போட்டு உள்பக்கத் தகட்டு இடுக்குவரை கழுவுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் எண்ணெய் போட்டியன்றுதான் சொட்டும்.

சக்கரத்துக்கு இன்லைன் ஸ்கேட் சக்கரம், 72 முதல் 80 மி.மீ. விட்டத்தில். உள்ளே 608 பேரிங் இருக்கும்: உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22, அகலம் 7. அச்சுக்கு 8 மி.மீ. வழவழப்பான ஷாஃப்ட் வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் முழுநீள மரை போட்ட கம்பியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம், அது பேரிங்குக்குள் ஆடும். வழவழப்பான கம்பியில் இரண்டு முனையில் மட்டும் டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரை வெட்டினால் போதும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. என்னைக் கேட்டால், ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேயே முடிவாகிவிடும். இரண்டு அலுமினிய எல் ஆங்கிளை (எல் வடிவப் பட்டை) கவரின் நீளத்துக்கு வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று அணைத்துக் கிளாம்ப் போட்டு, அச்சுத் துளைகளை ஒரே தடவையில் டிரில் பிரஸ்ஸில் குடையுங்கள். தனித்தனியாகக் குடைந்தால் அரை மில்லியாவது விலகும். அப்புறம் கவரின் இரு விளிம்புகளிலும் உள்ள போல்ட் துளைகள் வழியே ஆங்கிளை முடுக்குங்கள். இப்படிச் செய்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். ஓர் ஆங்கிள் கொஞ்சம் முன்னே தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி கோணலாகத் தெரியுமே தவிர நேராகத்தான் ஓடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சக்கரத்தை மாட்டும்போது வாஷரைக் கவனியுங்கள். அது பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். பெரிய வாஷர் போட்டால் வெளிவளையத்தையும் மூடித் தகட்டையும் சேர்த்து உரசும்; எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பிரேக் பிடித்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு சிறிய வாஷர், வெளியே ஒன்று, அதன்மேல் தானாகக் கழலாத நைலாக் நட். நட்டை இறுக்கிவிட்டுப் பக்கவாட்டில் துளி ஆட்டம் தெரியும் வரை திருப்பித் தளர்த்துங்கள். பேரிங்கின் கெட்டி கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்ற வேண்டும். பிறகு வழவழப்பான சிமெண்ட் தரையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் ஆங்கிளை அவிழ்த்து மறுபடி பாருங்கள். தடத்தின் பக்கக் கட்டையில் ஒரு முறை உரசினாலே போட்டி போச்சு.

எடையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. காற்றும் உராய்வும் இல்லையென்றால் கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். 1 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கீழே வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். காற்றின் தடையை மீறத்தான் கனம் உதவும். ஆகவே போட்டியில் பேசிவைத்த எடை உச்சவரம்பு வரை ஏற்றுங்கள், ஆனால் சக்கரத்தில் ஏற்றாதீர்கள். சக்கரம் கனத்தால் அதைச் சுழற்றவே சக்தி போகும். டயர் கடையில் ஒட்டும் பேலன்ஸ் எடைத் துண்டுகளைக் கவருக்குள் பின்பக்கமாக ஒட்டுங்கள். சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும். அங்கே உள்ள எடை அதிகம் இறங்கி வரும். அதற்காக முன் சக்கரம் தூக்கும் அளவுக்குப் போகாதீர்கள். ஈயத் துண்டைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

தடத்துக்கு 18 மி.மீ. பிளைவுட், 8 அடிக்கு 4 அடிப் பலகைகள். நடுவே ஒரு கட்டை அடித்தால் ஆளுக்கு இரண்டடித் தடம். சரிவும் சமதரையும் சேரும் இடத்தில் மூக்கு இடிக்கும்; அங்கே மெல்லிய பலகையை வளைத்துப் பூட்டி முனையைத் தேய்த்துவிடுங்கள். தொடக்கத்தில் கீல் வைத்த ஒரே பலகையை முன்னோக்கிச் சாய்த்தால் இரண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பும். கையால் விட்டால் சண்டைதான். கடைசியில் பழைய மெத்தையோ டயரோ போடுங்கள், அலுமினிய மூலை கணுக்காலைக் கிழித்துவிடும். பிள்ளைகளை அந்தப் பக்கம் நிற்க விடாதீர்கள்.

கோலாலம்பூர் மழை மத்தியானத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கொட்டும், நனைந்த பிளைவுட் ஓரம் உப்பிவிடும். காலையிலேயே நடத்துங்கள், அல்லது பேட்மிண்டன் ஹாலுக்குள். ஒவ்வொரு ஜோடியும் தடம் மாற்றி இரண்டு முறை ஓட வேண்டும், ஏனென்றால் இரண்டு தடமும் ஒருநாளும் ஒன்றுபோல இருக்காது. ஆளுக்கு ஒரு வெற்றி என்று நின்றுவிட்டால் மூன்றாவது ஓட்டத்துக்குத் தடத்தைச் சில்லறை சுண்டி முடிவு செய்யுங்கள். நடுவில் யாராவது ஸ்பேனரை எடுத்தால் எடையை மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள், அது உங்கள் மச்சானாகவே இருந்தாலும்.